நிற்கும் அச்சும் சுழலும் அச்சும்

மயிலிறகு போன்ற எடை குறைந்த பொருளேயாயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் சொன்னதை நம் கல்லூரியிற் பயின்ற எவரும் மறந்திரார். அரசனை நோக்கிச் சொன்ன அறிவுரை அது. ஆயினும் பட்டறைக்கும் நன்கு பொருந்தும். சுமை மிகுந்தால் அச்சு முறியும் என்பதில் ஐயமில்லை. ஆனால், சுமை மிகாமலே முறியும் அச்சும் உண்டு. நேற்றுவரை தாங்கிய அதே சுமையை இன்றும் தாங்கி, நேற்று ஓடிய அதே வழியில் இன்றும் ஓடி, யாதொரு முன்னறிவிப்புமின்றி இரண்டாகும் அச்சு அது. பழைய கோ-கார்ட் வண்டி ஒன்றின் பழுதுற்ற பின்னச்சைச் சீராக்குவது எப்படி என்று இங்கே சொல்லப் புகுந்த நாம், அந்த இரண்டாவது வகை முறிவிலிருந்தே தொடங்க வேண்டியவராயுள்ளோம். அதனை அறியாதவர் கையிற் சிறந்த பட்டறைக் கருவிகளும் தீங்கு செய்யும்.

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையிலும் வாழ்வோர்க்கு அச்சு புதிய பொருளன்று. மாட்டு வண்டியை ஒருமுறை மனக்கண்முன் கொண்டுவருவோம். அச்சுலக்கை வண்டியின் உடலோடு இறுகப் பிணிக்கப்பட்டு அசையாது நிற்கின்றது. சில்லின் குடம் மட்டும் அதன் நுனியைச் சுற்றிச் சுழல்கின்றது. குடம் கழன்று ஓடாமற் காப்பது கடையாணி. முருங்கன் பக்கத்து வயல்களிலே இன்று மாட்டு வண்டியின் வேலையைச் செய்யும் உழவு இயந்திரப் பெட்டியை எடுத்துக்கொண்டாலும் அமைப்பு அதுவே. குறுக்கே ஓர் உருக்குச் சட்டம், அதன் இரு நுனியிலும் உருண்டையாகக் கடைந்த முளைகள், முளைமீது பேரிங் என்று பட்டறையில் வழங்கும் போதிகை, போதிகைமீது சில்லு. சட்டம் சுழல்வதில்லை. இவற்றை நிற்கும் அச்சு என்போம்.

புகையிரதத்தின் அச்சு இவ்வாறன்று. அங்கே இரு சில்லுகளும் அச்சோடு இறுக்கிப் பூட்டப்பட்டவை. சில்லு சுழன்றால் அச்சும் உடன் சுழலும். 1914 ஆம் ஆண்டிலே தலைமன்னாரை வந்தடைந்த புகையிரதமும், 1990 இற் போரினால் நின்று 2015 இல் மீண்டும் தலைமன்னார்வரை ஓடத் தொடங்கிய புகையிரதமும் இத்தகைய அச்சுகளின் மேலேயே ஓடின. தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கிய 30 காற்றாலைகளின் தலைக்கூட்டினுள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கும் பேரச்சுகளும் இவ்வினத்தவையே. இவை சுழலும் அச்சுகள்.

சுழலும் அச்சை மாணவர் தம் கையால் தொட்டுக் கழற்றிப் பயில ஏற்றது எது என்று கேட்டால், கோ-கார்ட்டையே நாம் சுட்டுவோம். 1956 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, பந்தயக் கார் கட்டும் தொழிலிலிருந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், குழாய்களால் ஒரு தாழ்ந்த சட்டம் செய்து அதிற் புல் வெட்டும் பொறியின் எஞ்சினைப் பொருத்தி இவ்வண்டியின் முதல் வடிவத்தை ஓட்டினார். விளையாட்டாகத் தொடங்கியது உலகெங்கும் பந்தயமாயிற்று. நம் நாட்டிலே பண்டாரகமையில் இதற்கென ஓட்டத்தடம் உண்டு. இந்தியப் பொறியியற் கல்லூரி மாணவர் தாமே வரைந்து, தாமே கட்டிப் போட்டியிடும் வண்டியும் இதுவே.

இவ்வண்டியில் மறைவான உறுப்பென்று பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னே ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமான ஒற்றை அச்சு குறுக்கே கிடக்கும். சட்டத்தோடு பிணித்த இரண்டு அல்லது மூன்று போதிகைகள் அதனைத் தாங்கும். அச்சின்மீது ஒருபுறம் சங்கிலிப் பற்சில்லு, மறுபுறம் பிறேக் தட்டு, இரு நுனியிலும் குடமும் சில்லும். மோட்டார்க் காரிலே வளைவின்போது இரு பின்சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடந்தரும் டிபரன்சியல் எனும் பற்சில்லுக் கூடு இங்கே இல்லை. அங்ஙனமாயின் வண்டி எவ்வாறு திரும்பும் என்று கேட்பீர்கள். முன்சில்லுகளின் சாய்வமைப்பினாலும் சட்டம் சிறிது முறுக்கிக் கொடுப்பதனாலும், வளைவிலே உட்புறத்துப் பின்சில்லு தரையை விட்டு இலேசாக எழும்பிவிடும். அந்தக் கணத்திற் பின்பாரம் முழுவதும் வெளிப்புறச் சில்லின் வழியே அச்சின் ஒரு நுனியில் வந்து பொறுக்கின்றது. சாதாரண கார்ட்டுகளிற் பிறேக்கும் பின்னச்சில் மட்டுமே உண்டு. ஆதலின் அச்சு முறிந்தால், முறிந்த இடத்தைப் பொறுத்துச் சில்லொன்று கழன்றோடும், அல்லது பிறேக் ஒரு பக்கச் சில்லை மாத்திரம் பற்றும். ஓட்டுநரோ தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில், பந்தயக் கார்ட்டுகளின் வழக்கப்படி இடைப்பட்டியுமின்றி அமர்ந்திருக்கின்றார். இவ்வளவும் எண்ணிய பின்னரே திருகாணியிற் கை வைத்தல் தகும்.

முறிவின் காரணத்துக்கு வருவோம். வண்டியின் எடை போதிகைகளின் வழியே அச்சைக் கீழே அழுத்துகின்றது. தரை, சில்லுகளின் வழியே நுனிகளை மேலே தள்ளுகின்றது. ஆகவே அச்சின் இரு நுனிகளும் கண்ணுக்குப் புலப்படாத அளவில் மேல்நோக்கி வளைகின்றன. அச்சின் அடிப்புறம் இழுபடுகின்றது, மேற்புறம் நெருக்குண்கின்றது. மாட்டு வண்டியில் அடிப்புறம் என்றும் அடிப்புறமே. சுழலும் அச்சிலோ, இப்பொழுது அடியில் இழுபட்டிருக்கும் பாகம் அரைச் சுற்றில் மேலே போய் நெருக்குண்ணும். மற்றை அரைச் சுற்றில் மீண்டும் இழுபடும். கம்பியொன்றை முன்னும் பின்னுமாக மடித்து மடித்து ஒடிக்கும் செயலின் மிகச் சிறிய வடிவம் இது. ஒவ்வொரு மடிப்பும் அற்பமானது. ஆனால் மடிப்புகளின் தொகை அற்பமானதன்று.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். கார்ட்டின் பின் ரயரின் குறுக்களவு 11 அங்குலம், அதாவது ஏறக்குறைய 28 சதமமீற்றர் என்று கொண்டால், ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குச் சில்லும் அச்சும் 1140 தடவை சுழல வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணி நேரத்திற்கு 68,000 க்கு மேற்பட்ட சுழற்சிகள் ஆகின்றன. பதினைந்து மணி நேர ஓட்டத்திற் கணக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மாட்டு வண்டி ஊர்ந்து சென்றால் அதன் பெருஞ்சில்லு சில ஆயிரம் தடவையே சுற்றும். அப்பொழுதும் அதன் அச்சு சுற்றுவதில்லை.

இவ்வுண்மையை உலகம் உயிர்கொடுத்தே கற்றது. 1842 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய புகையிரதத்தின் எஞ்சின் அச்சு வழியில் முறிந்தது. பின்வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின; பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் 50 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களிற் பயணஞ்செய்து புகழ்பெற்ற தூமோன் துர்வில் என்ற மாலுமியும் அவருள் ஒருவர். உலகின் எல்லைக் கடல்களிலிருந்து மீண்டவர், வீட்டுக்குப் போகும் வழியில் ஓர் இரும்புத் தண்டு ஒடிந்ததனால் மனைவியோடும் மகனோடும் இறந்தார். நல்ல இரும்பு ஏன் இவ்வாறு ஒடிகின்றது என்று பலர் ஆராயலாயினர். அவருட் சிறந்தவர் பிரஷ்யாவிற் புகையிரதப் பொறியியலாளராயிருந்த ஔகுஸ்ட் வோலர். மாதிரி அச்சுகளைச் சுமையோடு இலட்சக்கணக்கான தடவை சுழலவிட்டு அவர் 1870 ஆம் ஆண்டு வரையிற் செய்து வெளியிட்ட சோதனைகளே இத்துறைக்கு அடித்தளம். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான சுமையினும் மிகக் குறைந்த சுமை, பன்முறை மாறி மாறித் தாக்கினால் உருக்கை முறித்துவிடும் என்று அவர் காட்டினார். இதற்குப் பொறியியலார் இட்ட பெயர் களைப்பு. இன்னொன்றும் காட்டினார்: சுமை ஓர் எல்லைக்குக் கீழே நிற்குமாயின் உருக்கு எத்தனை கோடி சுழற்சிக்கும் களைக்காது நிற்கும்.

இந்த இறுதிச் சொல்லிலே கடற்கரை வாழ்நர்க்கு ஒரு கண்ணி இருக்கின்றது. அவ்வெல்லை உலர்ந்த, தூய காற்றிலுள்ள உருக்குக்கே உரியது. உப்பு நீரும் உப்புக் காற்றும் தீண்டும் உருக்குக்கு அத்தகைய எல்லையே இல்லை என்பது பின்வந்தோர் கண்ட முடிவு. கறள் உருக்கின் மேற்பரப்பிலே சிறு குழிகளைத் தோண்டுகின்றது. குழியின் அடியிலே தகைப்பு குவிகின்றது. அங்கே வெடிப்பு அரும்புகின்றது. வெடிப்பு திறந்து மூடுந்தோறும் புதிய உருக்கின்மீது உப்பு நீர் படுகின்றது. சுமை சிறிதாயினும், காலந்தாழ்த்தியேனும் அச்சு முறிந்தே தீரும். மன்னாரோ உப்பளம் உள்ள ஊர். ஆண்டின் இரு பருவக் காற்றும் கடலைத் தழுவியே இங்கு வருகின்றன. ஆகவே கரையோரக் கொட்டிலொன்றில் ஐந்தாறு ஆண்டு ஓடாமற் கிடந்த கார்ட், இடைவிடாது ஓடித் துடைத்து எண்ணெயிட்டு வைக்கப்பட்ட கார்ட்டினும் ஐயத்துக்குரியது என்பதே நம் கருத்து.

மேற்பரப்பைப் பற்றி மேலும் ஒரு சொல். வளைவைத் தாங்கும் வேலையிற் பெரும்பங்கு அச்சின் புறப்பகுதியையே சாரும். 50 மில்லிமீற்றர் அச்சொன்றின் நடுவே 25 மில்லிமீற்றர் துளையிட்டால் எடையில் நாலிலொரு பங்கு குறையும். வலிமையிலோ பதினாறிலொரு பங்கே குறையும். இன்றைய பந்தயக் கார்ட்டுகளின் அச்சு உள்ளீடற்ற குழாயாக இருப்பதன் காரணம் இதுவே. இதன் மறுபுறத்தையும் காண்க. பழைய வண்டிகளிலுள்ள 25 மில்லிமீற்றர்த் திண்ம அச்சின் புறத்தைக் கறள் அரை மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுற்றிலும் தின்றுவிட்டால், எஞ்சுவது 24 மில்லிமீற்றர். வலிமை குறுக்களவின் கனத்தைப் பொறுத்தது ஆதலின், நூற்றுக்குப் பதினொரு பங்கிற்கு மேல் அப்போதே போய்விட்டது. குழிகளாற் குவியும் தகைப்பு இக்கணக்கிற் சேராதது.

இனி வேலையைத் தொடங்குவோம். வண்டியின் பின்புறத்தை உயர்த்திக் கட்டைகளில் நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றுக. சில்லு ஆடினால் உடனே அச்சின்மேற் பழி போடலாகாது. விளிம்பு நெளிந்திருக்கலாம், குடத்தின் திருகாணி தளர்ந்திருக்கலாம். இடச்சில்லையும் வலச்சில்லையும் மாற்றிப் பூட்டிப் பார்க்க. ஆட்டம் சில்லோடு கூடப் போயிற்றென்றால் குற்றம் சில்லினது. நின்ற இடத்திலேயே நின்றதாயின் அச்சினது அல்லது குடத்தினது. பின்னர் சில்லையும் குடத்தையும் கழற்றிவிட்டு, சட்டத்தில் ஒரு கம்பியைக் கட்டி அதன் நுனி அச்சை மெல்லத் தொடும்படி வைத்துச் சுழற்றினால், வளைந்த அச்சு ஒருபுறம் கம்பியைத் தள்ளி மறுபுறம் விலகுவதைக் கண்ணாற் காணலாம். டயல் மானி உள்ளவர் அதனைப் பயன்படுத்துக. மானி காட்டும் மொத்த அசைவிற் பாதியே அச்சின் உண்மையான விலகல் என்பதை மாணவர் பலர் மறப்பர். கற்களில் மோதிய அச்சு பெரும்பாலும் வெளிப்புறப் போதிகைக்கும் குடத்துக்கும் இடையிலேயே வளைந்திருக்கும்.

கழற்றுமுன் பற்சில்லும் பிறேக் தட்டும் அச்சின் நுனியிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தூரத்தில் உள்ளன என்று அளந்து எழுதி வைக்க. கறள் பிடித்த திருகாணிகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். உப்புக் கறள் அவசரத்துக்கு இணங்குவதில்லை. தலையற்ற சிறு திருகாணிகள் அச்சிற் பதிந்த இடத்தில் உருக்குச் சிலும்பி நிற்கும். அதனை மெல்லிய அரத்தால் தடவிச் சமப்படுத்தாமல் அச்சை இழுத்தால் போதிகையின் உள்வளையம் கீறுண்ணும். அச்சின் நுனியை இரும்புச் சுத்தியலால் நேரே அடிக்கலாகாது. மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ இடையில் வைத்தே அடிக்க வேண்டும். நுனி தட்டையாகிப் பரந்துவிட்டால் பின்பு எந்தப் பக்கமும் கழலாது.

அச்சு வெளியே வந்தபின் செய்யும் சோதனையே இவ்வேலையின் உயிர். மண்ணெண்ணெயிற் கழுவி, எமரித் தாளால் நீளவாட்டில் தேய்த்துக் கறளைப் போக்குக. பின்பு வெடிப்பு இருக்கக்கூடிய இடங்களை, அதாவது போதிகை இருந்த விளிம்பு, சாவித் தவாளிப்பின் மூலைகள், திருகாணி பதிந்த குழிகள் ஆகியவற்றை மண்ணெண்ணெயில் நன்றாக நனைத்துச் சிறிது நேரம் விடுக. அதன்பின் துணியால் முற்றாகத் துடைத்துலர்த்தி, வெண்கட்டித் தூளைக் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூசி உலரவிடுக. வெடிப்பு இருக்குமாயின் அதனுள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் ஊறி வந்து வெண்பூச்சில் ஒரு கரிய கோட்டை வரையும். புகையிரதப் பட்டறைகளில் முன்னாளில் அச்சுகளைச் சோதித்த முறை இதுவே, காசு செலவில்லாதது. குழாய் அச்சாயின் உள்ளே விளக்கொளி பாய்ச்சிப் பார்த்தலும் வேண்டும். வெளியே பளபளக்கும் குழாயினுள் உப்பு நீர் தேங்கிக் கறள் தின்றிருப்பது கரையூர்களில் எதிர்பார்க்கத்தக்கதே.

அச்சு ஏற்கெனவே முறிந்தே வந்ததாயின் முறிந்த முகத்தை எறிந்துவிடாமற் படிக்க. களைப்பினால் முறிந்த முகத்திலே, ஓரிடத்தைச் சுற்றி வளைவு வளைவாகக் கோடுகள் பரந்து செல்லும். கடல் வற்றும்போது ஈரமணலில் நீர் விட்டுச் செல்லும் வரிகளை நம் கரையிற் கண்டவர்க்கு அக்கோடுகளை விளக்க வேண்டுவதில்லை. பொறியியலாரும் அவற்றைக் கடற்கரை வரிகள் என்றே அழைக்கின்றனர். வரிகள் எந்தப் புள்ளியைச் சூழ்ந்துள்ளனவோ அங்கேதான் வெடிப்புப் பிறந்தது. எஞ்சிய பகுதி கரடுமுரடாக, கற்கண்டு உடைந்ததுபோலத் தோன்றும். அது இறுதிக் கணத்தில் ஒரேயடியாக முறிந்த பாகம். அக்கரட்டுப் பாகம் மிகச் சிறியதாயிருந்தால், அச்சின் பெரும்பகுதி வெடித்த பின்னும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள்.

இப்பொழுது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வந்தோம். ஒட்டலாமா? சுழலும் அச்சை ஒட்டலாகாது. இதில் நாம் இடைவழி எதனையும் ஒப்புவதில்லை. வெல்டிங் செய்பவரின் கைத்திறத்தைக் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. ஒட்டு எவ்வளவு அழகாக அமையினும், அதன் இரு மருங்கிலும் உருக்கு வெந்து விரைவிற் குளிர்ந்து தன் பதத்தை இழக்கின்றது. கரிச்சத்து மிகுந்த அச்சுருக்கு அவ்விடத்திற் கண்ணாடிபோற் கடினமாகி நொறுங்குந் தன்மை பெறும். குளிரும்போது சுருங்கும் ஒட்டு, சுமை ஏற்றுமுன்னரே தன்னைச் சூழ்ந்த உருக்கை இழுத்துக்கொண்டு நிற்கும். இவற்றோடு, ஒட்டின் விளிம்பு களைப்பு வெடிப்புக்கு ஓர் ஆயத்தமான தொடக்கம். ஒட்டிய அச்சு முதல் நாள் ஓடும். இரண்டாம் நாளும் ஓடும். கணக்கில் நாம் கண்ட இலட்சங்களை அது எட்டுமா என்பதே கேள்வி. பொருளை மிச்சப்படுத்தும் நம்மவர் பழக்கம் பல இடங்களிற் பாராட்டத்தக்கது. இவ்விடம் அவற்றுள் ஒன்றன்று.

வளைந்த அச்சை நிமிர்த்தலாமா என்பதற்கு விடை அவ்வளவு கண்டிப்பானதன்று. வெடிப்பற்ற, பதமிடாத மெல்லுருக்குத் திண்ம அச்சு சிறிதளவே வளைந்திருந்தால், இரு தாங்கிகள் மீது வைத்து அழுத்தப் பொறியாற் குளிர்நிலையிலேயே மெல்ல நிமிர்த்தலாம். தீயில் வாட்டுதல் கூடாது. நிமிர்த்தியபின் வெண்கட்டிச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இவ்வாறு நிமிர்த்திய அச்சை மெதுவாக ஓட்டிப் பழகும் வண்டிக்கே நாம் இடுவோம், பந்தயத்துக்கு அன்று. பதமிட்ட குழாய் அச்சை நிமிர்த்த முயலவே வேண்டா.

ஆகவே, பெரும்பாலான வேளைகளிற் புதிய அச்சுதான் வழி. பந்தயக் கார்ட்டின் அச்சு அளவு பார்த்து வாங்கப்படுவது. பழைய திண்ம அச்சையோ கடைசற் பொறி உள்ள எந்தப் பட்டறையிலும் செய்யலாம். இ.என். 8 என வழங்கும், நூற்றுக்கு 0.4 பங்கு அளவில் கரிச்சத்துள்ள உருக்குத் தண்டு இதற்குப் போதியது. கடைபவருக்கு மூன்று செய்திகளை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தடித்த பாகம் மெலிந்த பாகத்தைச் சந்திக்கும் மூலை கத்தி வெட்டியதுபோற் கூராயிராமல் உருண்டிருக்க வேண்டும். முடிவில் மெருகிடும்போது கோடுகள் அச்சின் நீளவாட்டிலேயே அமைய வேண்டும். குறுக்கே சுற்றிய கீறல் ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் விதை. சாவித் தவாளிப்பு தேவைக்கு மேல் நீளலாகாது; வெளிப்புறப் போதிகையின் கீழே அது புகவே கூடாது, அச்சு மிகுதியாக வளையுமிடம் அதுவாகலின்.

சாவி என்றது, அச்சையும் குடத்தையும் ஒன்றாகச் சுழலச் செய்ய இரண்டின் தவாளிப்புக்குள்ளும் செருகும் சிறு உருக்குக் கட்டையை. ஓர் அங்குல அச்சிற் கால் அங்குலச் சாவி வழக்கம். பழைய கார்ட்டுகளில் அச்சுக்கு நேரும் கேடுகளிற் பல இந்தச் சிறு கட்டையிலிருந்தே தொடங்குகின்றன. கட்டை தேய்ந்து தளர்ந்தால், ஓட்டுநர் வேகம் கூட்டுந்தோறும் பிறேக்கை மிதிக்குந்தோறும் அது தவாளிப்பின் சுவரை இருபுறமும் அடிக்கும். சுவர் சரிந்து மூலை வெடிக்கும். தளர்ந்த சாவிக்குத் தகரத் துண்டைச் செருகி இறுக்குவது வண்டியை வீடு சேர்க்க உதவும், அதற்குமேல் உதவாது. சாவி அச்சினும் மென்மையான உருக்காயிருத்தல் வேண்டும். கடினமான துளையூசித் துண்டை உரசிச் சாவியாக்கிவிட்டால் சாவி பிழைக்கும், அச்சு சாகும்.

போதிகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விரலிட்டு மெல்லச் சுழற்றும்போது மணல் நெரிவதுபோன்ற உணர்வு தோன்றினால் புதிதாக மாற்றுக. மன்னார் மணல் நுண்ணியது. உப்போடு சேர்ந்து போதிகையினுள் புகுந்தால் எண்ணெய் விட்டு மீட்க முடியாது. புதிய அச்சுக்குப் பழைய போதிகை இடுவது, புது வேட்டியைச் சேற்றில் உலர்த்துவது போன்றது.

பூட்டும்போது, போதிகைகளின் கூடுகளைத் தளர்வாக மாட்டி, அச்சைச் செலுத்தி, கையாற் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு திருகாணியாக இறுக்க வேண்டும். எந்தத் திருகாணியை இறுக்கியபோது சுழற்சி தடைப்படுகின்றதோ அங்கே சட்டம் கோணலாக இருக்கின்றது; கூட்டின் அடியில் மெல்லிய தகடு வைத்து நேராக்குக. கோணலான கூடுகளுக்கிடையில் வலிந்து இறுக்கப்பட்ட அச்சு, சுமையே இல்லாதபோதும் சுற்றுந்தோறும் வளைந்து கொண்டிருக்கும். அடுத்து, முன்சில்லின் திருப்பு முளையிலிருந்து அச்சுவரை இருபுறமும் அளந்து, இரு நீளங்களும் ஒன்றே எனக் காண்க. சங்கிலி எஞ்சினின் பற்சில்லோடு ஒரே நேரில் ஓட வேண்டும். நடுவிடத்தை விரலால் அழுத்தினால் அரை அங்குலமளவில் இறங்க வேண்டும். பிறேக் தட்டு தன் கவ்விக்குள் இருபுறமும் உரசாது சுழல வேண்டும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி வந்து எல்லாத் திருகாணிகளையும் மறுபடி இறுக்குக. அச்சுக்கு நிறம் பூச வேண்டா. பூச்சு வெடிப்பை மறைக்கும். மெல்லிய எண்ணெய்ப் படலமே போதும். கரையோரத்தில் ஓடிய நாள்களில் நன்னீராற் கழுவித் துடைத்து அப்படலத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

கார்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது முடிந்தது. ஆனால் இம்மலரைப் படிப்போரிற் பலர் வீட்டில் நிற்பது கார்ட் அன்று, உழவு இயந்திரமும் அதன் பெட்டியும். பெட்டியின் அச்சு நிற்கும் அச்சு ஆதலின் அதற்குச் சட்டம் வேறு. குறுக்குச் சட்டம் நெளிந்தால் நிமிர்த்தலாம். பலகை உருக்கை அதன் நீளவாட்டில் வைத்து ஒட்டி உறுதிப்படுத்தலாம். அடிப்புறத்திற் குறுக்கே மட்டும் ஒட்டலாகாது. இழுபடும் பக்கம் அதுவே. நுனியிலுள்ள முளையின் கதை வேறு. அது சுழலாவிடினும் மேடுபள்ளந்தோறும் அடிபடுகின்றது. வெடிப்பு அதன் அடிப்புறத்திலே, முளை தடித்துச் சட்டத்தைச் சேரும் மூலையிற் பிறக்கும். சில்லைக் கழற்றிப் போதிகைக்குக் கொழுப்பு மாற்றும் ஒவ்வொரு தடவையும் அம்மூலையைத் துடைத்து மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் இட்டுப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகாது. வெடித்த முளையின்மேல் ஒட்டுப் பூசி மறைப்பது வழியன்று. முளையை வெட்டி நீக்கி, புதிய முளையைச் சட்டத்தினுள் ஆழச் செருகி, மூலைக்கு எட்டத்தில் ஒட்டுவிப்பதே வழி. நெல்லும் விறகும் ஏற்றும் அப்பெட்டியில் வயல் வேலை முடிந்து பெண்களும் பிள்ளைகளும் ஏறி வீடு திரும்புகின்றனர். பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையிலுள்ள தாம்போதியில் இருபுறமும் நீர்.

இறுதியாக, கழித்த அச்சைப் பட்டறை மூலையில் முழுதாகச் சாத்தி வைக்கலாகாது. ஓராண்டு கழித்து வேறொருவர் அதனை எடுத்துத் துடைத்து, நல்ல அச்சென்று எண்ணி இன்னொரு வண்டிக்கு இட்டுவிடுவர். அன்றே அரத்துவாளால் மூன்று துண்டாக அறுத்துவிடுக. வெடிப்பு இருந்த துண்டை மாத்திரம் எண்ணெய் தடவி, கடற்கரை வரிகள் தெரியும்படி, கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்து அலுமாரியில் வைக்கலாம்.